பத்தொன்பது பல்

பத்தொன்பது பல். பவுலின் இரண்டு தரம் எண்ணிவிட்டாள். புதுச் சக்கரத்தின் முதல் பல்லில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, மறுபடி அந்தக் கோட்டுக்கே வந்து நின்றாள். சந்தேகமே இல்லை.

"அப்பா, இதுல பத்தொம்பது இருக்கு."

"இருக்கும். பதினேழும் இருந்திச்சு கடையில. மாப்புளதான் இது போதும்னாரு," என்றார் லோரன்ஸ். தலையைத் தூக்கவில்லை. அவர் மோட்டார் சைக்கிளின் பக்க மூடியைக் கழற்றி, உள்ளே கிடந்த கறுப்பு எண்ணெயைப் பால் டின்னில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓய்வு. காலைப் பூசைக்குப் போய் வந்த கையோடு மூவரும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலிருந்த பட்டறைக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். லோரன்ஸ் அந்தத் தொழிற்சாலையின் ஃபிட்டர். பவுலின் அவருக்கு ஒரே மகள். பூண்டுலோயாப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்து, தாய் இறந்ததும் நின்றுவிட்டவள். இப்போது தேயிலை சலிக்கும் அறையில் வேலை. ஒன்பது மாதத்துக்கு முன்பு அவளைக் கட்டிக்கொண்டவன் றோலண்ட். தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். மாமனாருக்குத் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டிலேயே ஒரு தடுப்புப் போட்டுக் குடியிருந்தான்.

மோட்டார் சைக்கிள் அவனுடையதுதான். உலகச் சண்டைக்கு முந்திய வண்டி. தோட்டத்தில் உதவி மேலாளராக இருந்த சின்னத்துரை சீமைக்குக் கப்பலேறுவதற்கு முதல் நாள், கராஜில் துருப்பிடித்துக் கிடந்ததை றோலண்டிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். லோரன்ஸ் ஐந்து மாதம் தட்டிக்கொட்டி அதற்கு உயிர் கொடுத்தார். மலைப்பாதைக்கென்றே எஞ்சின் அச்சில் பதினாறு பல் வைத்த சின்னச் சக்கரத்தைப் போட்டிருந்தார் சின்னத்துரை. அதனால் வண்டி எந்த மேட்டிலும் முனகிக்கொண்டாவது ஏறிவிடும். ஆனால் வேகமெடுத்தால் எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும். முப்பத்தைந்து மைலைத் தொடுவதற்குள் ஓட்டுகிறவன் பல்லெல்லாம் ஆடும். கைப்பிடியை விட்ட பிறகும் விரல் மரத்துக் கிடக்கும்.

வவுனியாவுக்கு அப்படிப் போக முடியாது என்றான் றோலண்ட். தம்புள்ள தாண்டினால் நூல் பிடித்த மாதிரி ரோடாம். ஐம்பது அறுபது மைலுக்கு ஒரு மேடு கிடையாதாம். அங்கே ஓர் அரிசி ஆலையில் லொறி ஓட்டும் வேலை அவனுக்குச் சரியாகியிருந்தது. தோட்டத்தில் ஒரு கிழமை லீவு என்று சொல்லிவிட்டு நாளைக் காலை கிளம்புகிறான். போய், ஓர் அறை பார்த்து, மாதாகோயில் பெரிய திருநாளுக்குள் வந்து பவுலினைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

பவுலின் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதமாக உயிரோடு இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. பிறந்த லயம், படித்த பள்ளி, வேலைக்குப் போகும் தொழிற்சாலை எல்லாம் ஒரே மலையின் ஒரே பக்கத்தில். பொழுது விடிந்தால் எதிர்மலை, பொழுது சாய்ந்தால் அதே எதிர்மலை. சலிக்கும் அறையின் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருந்தார்கள். தேயிலைத் தூள் அந்த வலையில் படிந்து, வெளியே வெயிலா மழையா என்பதுகூடச் சரியாகத் தெரியாது. வண்டியின் பின்னால் உட்கார வெறும் இரும்புச் சட்டம்தான் இருந்தது. அவள் சாக்குத் துணியில் உறை தைத்து, இலவம் பஞ்சு அடைத்து, நான்கு மூலையிலும் கயிறு வைத்து ஒரு மெத்தை செய்திருந்தாள். தைத்து முடித்து ஒரு மாதமாகிறது.

"பதினேழுக்கும் பத்தொம்பதுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று கேட்டாள்.

லோரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "ரோதையப் பாத்திருக்கீல்ல, கொழுந்து அரைக்கிறது. மேல ஓடுற அச்சுல சின்னச் சக்கரம் மாட்டுனா ரோதை மெதுவாச் சுத்தும், ஆனா எவ்வளவு கொழுந்து போட்டாலும் அரைக்கும். பெரிய சக்கரம் மாட்டுனா வெரசாச் சுத்தும். பெட்டிய நெரப்பிட்டா பட்டை வழுக்கிக்கிட்டு நின்டுரும். இதுவும் அப்பிடித்தான். பதினேழுன்னா ரெண்டு பேரு ஏறலாம். பத்தொம்பதுன்னா…" என்று நிறுத்தி, மருமகனைப் பார்த்தார். "அத மாப்புளகிட்டயே கேளு."

"சமதரையில ரெண்டு பேரு என்னா, மூட்டையே ஏத்தலாம் மாமா," என்றான் றோலண்ட்.

"சமதரைய நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. கேள்விதான்."

"நானும் பாத்ததில்ல. இந்தத் தோட்டத்துல சமதரைன்னா காலையில ஆள் கூடுற பெரட்டுக்களம் ஒன்னுதான். அதுல எத்தினி தரம் சுத்திப் பாப்பீங்க."

விறகுக் கட்டோடு அந்தப் பக்கம் வந்த பக்கத்துவீட்டு வேலாயி கட்டை இறக்காமலே நின்றாள். "என்னா லோரன்ஸு, வண்டிக்குப் பல்லு கட்டுறியா?"

"ஆமா."

"எனக்கு மேல ரெண்டு, கீழ ஒன்னு வேணும். மிச்சம் இருந்தா வச்சிரு." பிறகு மெத்தையைப் பார்த்துவிட்டு, "அடியே பவுலினு, புருசனுக்கா மெத்த, ஒனக்கா?"

"எனக்குத்தான் அக்கா."

"நல்லா இறுக்கிக் கட்டிக்க. ஆம்பளைங்க ஓட்டுற வண்டியில பின்னால இருக்கிறது வுழுந்தாலும் தெரியாது." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

றோலண்ட் சிரிக்கவில்லை. சங்கிலியை நீட்டுவதற்கான கண்ணிகளை எடுத்து மாமனாரிடம் கொடுத்தான்.

பெரிய சக்கரத்துக்குப் பழைய சங்கிலி எட்டவில்லை. இரண்டு கண்ணி சேர்த்து, கியர்ப் பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆப்புச் சீவி முட்டுக்கொடுத்து, மரையை இறுக்கி முடிக்க மத்தியானமாகிவிட்டது. கழற்றிய பதினாறு பல் சக்கரத்தை லோரன்ஸ் சுவர் ஆணியில் மாட்டினார்.

வெள்ளோட்டம் பார்க்க றோலண்ட் தனியாகக் கீழே பெரிய ரோட்டுக்கு இறங்கினான். பவுலின் நடந்தே போய் மதகடியில் நின்றாள். பூண்டுலோயாப் பக்கமிருந்து வண்டி வந்தபோது அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த அலறல் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற ஆள் மாதிரி நிதானமான சத்தம். றோலண்டின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"ஏறு புள்ள. வீட்டுக்குப் போவோம்."

மெத்தை மேல் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டிலேயே வேகம் பிடித்து, அந்த வேகத்தோடு தோட்டத்துப் பாதையில் திருப்பினான். முதல் மேடு, பாலத்து மேடு, ஆறாம் நம்பர் மலை மேடு எல்லாம் ஏறிவிட்டது. பவுலினுக்கு நெஞ்சு லேசானது. அப்பாவுக்கு ரோதையைத் தவிர என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பங்களா வளைவு வந்தது.

தோட்ட மேலாளரான பெரிய துரையின் பங்களா பாதையை ஒட்டியே இருக்கிறது. ஒரு பக்கம் வெட்டி ஒழுங்குபண்ணிய வேலி, நடுவில் வெள்ளைக் கேட். வேலி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை தோட்டத்து ஆள் எவனும் எதிலும் ஏறிப் போகக் கூடாது. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ, இறங்கித் தள்ள வேண்டும். எஞ்சின் ஓடக் கூடாது. தலையில் முண்டாசு, கம்பளி, குடை எது இருந்தாலும் கைக்கு வந்துவிட வேண்டும். எழுதிப் போட்ட சட்டம் எங்கும் இல்லை. பவுலின் பிறப்பதற்கு முன்பே அப்படித்தான்.

றோலண்ட் வேலி தொடங்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தி இறங்கினான். பவுலினும் இறங்கினாள். இருவருமாக இருநூறு அடி தூரம் தள்ளினார்கள். கேட்டில் உட்கார்ந்திருந்த காவல்காரர் கந்தப்பன், "புது சத்தமா இருக்கே தம்பி," என்றார்.

"சக்கரம் மாத்தியிருக்கு அண்ணே."

வேலி முடியும் இடத்தில்தான் அந்த மலையிலேயே செங்குத்தான ஏற்றம் தொடங்குகிறது. றோலண்ட் ஏறி உதைத்தான். எஞ்சின் பிடித்தது. பவுலின் பின்னால் ஏறினாள். அவன் கிளச்சை விட்டான். வண்டி ஒரு முழம் போய் நின்றுவிட்டது. மறுபடி உதைத்து, எஞ்சினை முறுக்கி, கிளச்சை மெதுவாக விட்டான். கருகல் வாடை வந்ததே தவிர வண்டி நகரவில்லை. மூன்றாம் தரம் பின்னுக்கு உருண்டது. பவுலின் காலை ஊன்றிக்கொண்டாள்.

"எறங்கு," என்றான்.

இறங்கினாள். வண்டி அவனை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே போனது. சிரமம் எதுவும் இல்லை. வளைவில் மறைந்த பிறகு சத்தம் மட்டும் கேட்டது. அவள் நடந்து மேலே போனபோது, அவன் ஒரு காலைக் கல்லில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"பாத்தியா. இதான் சங்கதி," என்றான். "சமதரைக்கு நல்லது, இங்க சரிப்படாது. கூட்டிட்டுப் போறதுன்னா இந்த வண்டி சரிவராது. நான் பஸ்ஸுல வந்து…"

"கீழ இருந்த மேடெல்லாம் ஏறுச்சே."

"அது வந்த வேகத்துல ஏறுனது. பங்களாவுல நிப்பாட்டுனா வேகம் போயிருதுல்ல. நின்ட எடத்துலருந்து ரெண்டு பேர இழுக்காது."

"அப்ப நிக்காமப் போனா?"

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "யாரு போறது?"

"தொரை இல்லீங்க. குதிரைப் பந்தயம் பாக்க நுவரெலியா போயிட்டாரு. செவ்வாக்கெழமதான் வருவாராம். ஃபேக்டரி டீமேக்கர் ஐயா சொன்னாரு."

றோலண்ட் வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பினான். பிறகு, "சரி, வா," என்றான். பவுலினுக்கே நம்ப முடியவில்லை.

திரும்பக் கீழே போனார்கள். போகும்போதும் இறங்கித் தள்ளித்தான் போனார்கள். மதகடியில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அவன் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். "இறுக்கிப் புடிச்சிக்க. எங்கயும் நிக்கப் போறதில்ல."

பாலம் போனது. ஆறாம் நம்பர் மலை போனது. பவுலின் கன்னத்தை அவன் முதுகில் வைத்துக்கொண்டு, காற்றில் கண்ணை மூடியிருந்தாள். இந்த வேகம் குறையாமல் வேலியைக் கடந்துவிட்டால் போதும். அதற்கு மேல் எல்லாம் தானாக நடக்கும் என்று தோன்றியது. வண்டி ஏறும், பெரிய திருநாளுக்கு முன்பு அவன் வருவான், இதே முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் சமதரையைப் பார்ப்பாள்.

சத்தம் அடங்கியது.

கண்ணைத் திறந்தாள். வேலி தொடங்கும் இடம். அவன் கை முறுக்கைத் தளர்த்தியிருந்தது. எஞ்சின் நின்று, வண்டி தானாக ஓடி, மெதுவாகி நின்றது. அவன் காலை ஊன்றினான்.

கந்தப்பன் கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி நிக்கிறீங்க? தொரை இல்ல. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். சும்மா போங்க."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன," என்றான் றோலண்ட். இறங்கித் தள்ளத் தொடங்கினான். அவனுடைய காது மடல் சிவந்திருந்தது. பவுலின் பின்னாலிருந்து தள்ளினாள். நாய்கூடக் குரைக்கவில்லை. வேலி முடிந்த இடத்தில் அவன் சொல்வதற்கு முன்பே அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

அன்று மாலை முழுக்க அவளுக்கு ஒரே யோசனை. சோறு வடிக்கும்போதும் அதுதான். அவன் பயந்ததில் அவளுக்குக் கோபமில்லை. யாராக இருந்தாலும் கை அப்படித்தான் போயிருக்கும். ஆனால், ஏற்றம்தானே இழுக்காது? நாளைக் காலை அவன் போகப்போவது இறக்கத்தில். இறக்கத்தில் இரண்டு பேர் போவதற்குப் பல் எதற்கு? இத்தனை நாளும் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று திகைத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் தகரப் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா இருக்கும்போது கேட்க வாய் வரவில்லை. அவள் எதையும் சட்டென்று கேட்டுப் பழகியவள் அல்ல.

எங்கே வைத்துக் கேட்பது? வண்டியில் ஏறிவிட்டால் அவன் எஞ்சின் சத்தத்துக்குள் போய்விடுவான். அப்புறம்தான் நினைவு வந்தது, அவன் இறங்கி நடந்தாக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதே.

திங்கட்கிழமை காலை பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு றோலண்ட் கிளம்பினான். லோரன்ஸ் தொழிற்சாலை வாசலில் நின்று, "கிளச்சு சூடாவாமப் பாத்துக்குங்க மாப்புள," என்று சொன்னார். பக்கத்துப் பட்டறை ஆணியில் மாட்டியிருந்த பழைய சக்கரத்தைக் கைகாட்டி, "இதையும் வச்சிக்கிறீங்களா? திரும்பி வரையில கம்பளை டவுன்ல நிப்பாட்டிப் போட்டுக்கிட்டா மேடு ஏறலாம்," என்றார்.

"கனம் மாமா. இருக்கட்டும்."

அப்போது பவுலின் அங்கே இல்லை. மாற்றுச் சேலை இரண்டை ஒரு துணியில் முடிந்துகொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கி, பங்களா வேலியின் மேல் முனையில் நின்றிருந்தாள். மெல்லிய தூறல். வண்டி வந்து, எஞ்சின் நின்றது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"வேலைக்குப் போகல?"

"சங்கு ஊத நேரமிருக்கு. தள்ளுங்க, கூட வாரேன்."

தகரப் பெட்டியை அவன் எண்ணெய்த் தொட்டி மேல் கட்டியிருந்தான். பின்னால் மெத்தை அப்படியே இருந்தது. இருவரும் நடந்தார்கள். இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. அவன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டான்.

"ஏறத்தானே ரெண்டு பேருக்கு முடியாது? இது எறக்கந்தானே. நானும் வாரேன்."

"போற வழியெல்லாம் எறக்கமா? கண்டிக்கு முன்னுக்கு மேடு இருக்கு. மாத்தளையில இருக்கு."

"அங்கல்லாம் நிக்கச் சொல்ல யாரு இருக்கா? வந்த வேகத்துல ஏறும்னு நீங்கதான சொன்னீங்க."

கேட் வந்தது. கந்தப்பன் தலையாட்டினார். இருவரும் பதிலுக்குத் தலையாட்டிவிட்டு நடந்தார்கள்.

"அங்க எடம் இல்ல பவுலினு."

"மில்லு ஓரமாப் படுத்துக்கிறேன். நெல்லு புடைக்கத் தெரியும், சலிக்கத் தெரியும். எந்த வேலையாயிருந்தாலும் செய்வேன்."

வேலி முடிய இன்னும் நாற்பது ஐம்பது அடிதான் இருந்தது. றோலண்ட் நின்றுவிட்டான். அவனுக்கும் அந்த வேலிக்குள்தான் உண்மை பேச முடியும் போலிருந்தது.

"ஒத்தை ஆளுன்னு எழுதிட்டேன்."

"யாருக்கு?"

"மில்லு மொதலாளிக்கு. கல்யாணம் ஆகாத ஆளா இருந்தாத்தான் வேலைன்னு எழுதியிருந்தாரு. குடும்பத்தோட வாரவங்கள எடுக்கிறதில்லையாம். ஆகலன்னு எழுதிட்டேன்."

"எப்ப எழுதினீங்க?"

"மாசியில."

அவள் மனசுக்குள் மாதங்களைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். "சக்கரம் வாங்கறதுக்கு முந்தி."

"முந்திதான்." அவன் கைப்பிடியையே பார்த்தான். "இங்கயே கெடந்தா நானும் ஒங்கப்பா மாதிரி… ஒரு நாள் பூராம் லொறி ஓட்டுறேன். எங்க போறேன்? ஹட்டன் டேசனுக்குப் போறேன், வாரேன். வளைவு வளைவா, அதே வளைவு. ஒரு நாளாவது கைய ஆட்டாம நேராப் போகணும். நெலச்சதும் சொல்லிக்குவேன். சொல்லிட்டு ஒன்னையக் கூப்புடுறேன்."

அவன் பொய் சொல்கிறான் என்று அவளால் நினைக்க முடியவில்லை. வருவான் என்றும் நினைக்க முடியவில்லை. நேராகப் போக வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் புரிந்தது. அது அவளுக்கும் இருந்ததுதான். முந்தின நாள் பதினேழா பத்தொன்பதா என்று சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணினாளே, அப்போதே விடை கையில் இருந்திருக்கிறது. அவள் அதைப் பல் என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

குனிந்து மெத்தையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். தூறலில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. நகம் வலித்தது. அவன் ஒரு கையை நீட்டினான்.

"வேணாம். வண்டியப் புடிங்க, உருண்டுரும்."

நான்கு முடிச்சும் அவிழ்ந்தன. வேலி முடிந்ததும் அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டியை இறக்கத்தில் விட்டான். பத்துப் பதினைந்து அடி உருண்டதும் எஞ்சின் பிடித்தது. ஆறாம் நம்பர் மலை வளைவு, பாலம், பெரிய ரோடு. அந்தச் செருமல் சத்தம் ஒவ்வொரு வளைவாக மெலிந்துகொண்டே போனது. அவசரமே இல்லாத சத்தம்.

தூறல் கனத்தது. பவுலின் துணி முடிச்சை இடுப்பில் இடுக்கி, மெத்தையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். அழுகை வரவில்லை. சங்கு ஊதுவதற்குள் போய்விட வேண்டும் என்பது மட்டும் மனசில் ஓடியது. யாரும் இல்லாத பாதை. கொழுந்து மலையில் எங்கோ கங்காணி சத்தம் போடுவது கேட்டது.

"ஏம்மா," என்றார் கந்தப்பன்.

திரும்பினாள். கேட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். மெத்தை கையில் இருந்தது. எப்போது இறக்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணில் இறங்கியது.

"தொரை நாளைக்குத்தாம்மா வராரு. மழையில நனையாதீங்க, தலையில வச்சிக்கிட்டுப் போங்க."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன அண்ணே," என்றாள் பவுலின். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. மெத்தையை மறுபடி தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை. வேலி முடியும் வரை அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நனைந்தபடியே நடந்தாள்.

தொழிற்சாலை வாசலில் லோரன்ஸ் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார். கீழ்ப் பக்கம் காதைத் திருப்பி வைத்திருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்தினார்.

"எஞ்சின் பிடிச்ச சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு, ஒத்தை ஆளுன்னு," என்றார். அவள் கிட்டே வந்ததும், "தல ஏம்மா இப்பிடி நனஞ்சிருக்கு? மெத்த கையிலதான இருக்கு."

பவுலின் ஈர மெத்தையை அவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பழைய சக்கரம் தொங்கிய ஆணிக்குக் கீழே, பட்டறைப் பெஞ்சில் வைத்தார். சங்கு ஊதியது. அவள் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டு சலிக்கும் அறைக்குள் போனாள்.